தடச் சான்று

பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்தோடு தடச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்கள் சமுதாயச் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவன் நான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பாளையங்கோட்டையில் சங்கத்துக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தில், நானூறு பேர் கூடியிருந்த பொதுக்குழுவில் அதை வாசித்தேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. தலைவர் கோமதிநாயகமாகிய நான் வாசிக்கும் எதையும் அங்கே யாரும் எதிர்ப்பது வழக்கமில்லை.

தடம் என்றால் என்னவென்று இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நம் உடம்பில் குடியிருக்கும் கிருமிகளுக்கும் வம்சாவளி உண்டு. ஒரு கிருமி ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகும்போது அதன் மரபெழுத்தில் ஓரிரு இடங்கள் மாறும். அந்த மாற்றங்களை வரிசைப்படுத்திப் படித்தால், இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்று பெயர் சொல்லிவிடலாம். பத்திரப் பதிவுத் துறையில் முப்பது வருடம் இருந்த எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஒரு நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தாய்ப்பத்திரம்வரை பின்னோக்கிப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

நோய் பரவாமல் தடுக்க அரசு கொண்டுவந்த ஏற்பாடு அது. கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே விரும்பும் பெண்கள் கொடுத்துத் தடச் சான்று வாங்கிக்கொள்ளலாம் என்று பிறகு ஓர் ஆணை வந்தது. அந்த விருப்பத்தைக் கட்டாயமாக்கியவர்கள் எங்களைப் போன்ற சங்கத்தார். ஆண்களும் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

என் மகன் சேந்தனுக்கு அம்பாசமுத்திரத்தில் பெண் எடுத்தேன். மதிவதனி என்று பெயர். வதனி என்று கூப்பிடுவோம். அவளுடைய தடச் சான்றை நானே மூன்று முறை படித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் அப்பா முத்துக்குமாரசாமி, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், நான் படித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெண் பிறந்ததில்லை. என் மனைவி உயிரோடு இருந்தவரை அந்தக் குறையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மருத்துவமனைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்தபோது, என் அம்மாவின் பெயரை வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். முப்பதாம் நாள் பெயர் சூட்டும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை தொடுவது உண்டு. கருப்பட்டித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் ஒரு சொட்டு வைப்பார்கள். தொட்டவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் யாரை வேண்டுமானாலும் தொட விடமாட்டார்கள். நல்ல பெயர் எடுத்தவராகப் பார்த்து அழைப்பார்கள். எங்கள் சொந்தத்தில் நாற்பது பிள்ளைகளுக்காவது நான் தொட்டிருப்பேன். என் பேத்திக்குத் தொட மருத்துவமனையில் விடவில்லை. தாய்ப்பால் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி, என் கையிலிருந்த கருப்பட்டித் தண்ணீர்ச் சங்கை நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டாள். அவர்கள் இடம், அவர்கள் சட்டம்.

ஐந்தாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. சொந்தக்காரர்கள் இருபது பேர் கூடத்தில் இருந்தார்கள். கருப்பட்டித் தண்ணீர் கலந்து வரச் சொன்னேன். வதனி மெதுவாக, "மாமா, டாக்டர் வேண்டாம்னு சொன்னாங்களே" என்றாள்.

"அந்த டாக்டருக்கே நான்தாம்மா சேனை தொட்டிருப்பேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பினாள். நாக்கில் விரல் பட்டதும் குழந்தை அதைப் பற்றிச் சப்பியது. அந்தச் சின்ன வாய்க்குள் எவ்வளவு பிடிவாதம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் விரலை எடுக்காமலே நின்றேன்.

பதினோராம் நாள் காலை குழந்தை பால் குடிக்க மறுத்தது. மூச்சு விடும்போதெல்லாம் முனகியது. தொட்டால் சுட்டது. மத்தியானம்வரை பார்க்கலாம் என்று நான் சொன்னேன். வதனி பார்க்கவில்லை. என்னிடமும் கேட்காமல், வேலைக்குப் போயிருந்த சேந்தனுக்கும் சொல்லாமல், வாடகை வண்டியை வரவழைத்துக் குழந்தையோடு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள். பின்னால் இன்னொரு வண்டியில் போகும்போது அந்தக் கோபம்தான் எனக்குள் இருந்தது.

பச்சிளங்குழந்தைகள் பிரிவின் டாக்டர் எஸ்தர் ஜெபசீலிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வேலையிலிருந்து ஓடிவந்த சேந்தனையும் சேர்த்து எங்களைத் தனியறைக்கு அழைத்து உட்காரவைத்தார்.

"குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி. ரத்தத்துல இருக்கு. மூளையைச் சுத்தின உறைக்கும் போயிட்டுது. மருந்து ஏறிக்கிட்டிருக்கு" என்றார்.

"எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

அதுதான் என் முதல் கேள்வி. பிழைக்குமா என்று நான் கேட்கவில்லை. அதைச் சேந்தன்தான் கேட்டான்.

டாக்டர் அவனுக்கு முதலில் பதில் சொன்னார். ஆனமட்டும் பார்க்கிறோம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான்கைந்து பேரில் ஒருவருக்கு இந்தக் கிருமி குடலில் சும்மா கிடக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது, இருப்பதே தெரியாது என்றார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதுண்டு. அதற்குத்தான் கர்ப்பத்தின் முப்பத்தாறாவது வாரம் பரிசோதித்து, இருந்தால் வலி எடுக்கும்போதே பென்சிலின் ஏற்றுகிறார்கள். வதனிக்கு இல்லை என்றுதான் வந்திருந்தது.

"பிறந்த ஒரு வாரத்துக்குள்ள வந்தா பெரும்பாலும் பிரசவத்துல வந்ததுன்னு சொல்லலாம். இது அதுக்கப்புறம் வந்திருக்கு. அம்மாகிட்டேயிருந்தும் வரலாம். பிள்ளையைத் தூக்கின யார் கையிலேயிருந்தும் வரலாம்."

அம்மாவிடமிருந்தும் வரலாம் என்பது மட்டும் என் காதில் நின்றது.

"அப்ப, பரிசோதனை முடிஞ்ச பிறகு அவளுக்கு வந்திருக்கலாம்" என்றேன்.

"வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சார், இது ஒழுக்கத்தோட சம்பந்தப்பட்ட கிருமி இல்ல. அழுக்கும் இல்ல. யாருன்னு இப்ப தேடுறதால பிள்ளைக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல."

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் குழந்தை இறந்தது. காலில் கட்டியிருந்த பட்டையில் 'மதிவதனியின் பெண் குழந்தை' என்று எழுதியிருந்தது. அதற்கு வேறு பெயர் கிடையாது. என் அம்மாவின் பெயரை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சேந்தன் கையில் துணிச் சுருளைக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிப் போகும்போது வெயில் படாமல் அவன் கையால் மறைத்துக்கொண்டே போனான்.

வதனிக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. துட்டி கேட்கத் துக்க வீட்டுக்கு வந்த பெண்கள் உள்ளறையில் அவளுக்கு ஏதேதோ பக்குவம் பார்த்தார்கள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் அதையும் அவளுக்கு எதிரான ஒரு சாட்சியாக நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். இன்று அதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

அந்தப் பங்குனியில் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. எனக்கு அனுதாபத் தீர்மானம் வாசித்தார்கள். பதில் சொல்ல எழுந்தேன். வந்தவர்கள் நானூறு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வீட்டில் பிள்ளை போய்விட்டது, ஏன் போனது என்ற கேள்வி அத்தனை முகங்களிலும் இருந்ததாக எனக்குப் பட்டது. என் குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி அப்படித் தொங்கிக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"எங்க வீட்டுல மூணு தலைமுறையா பச்சைப்பிள்ளை செத்ததில்ல" என்றேன். "மருமக வந்த இடத்துலேயிருந்துதான் அது வந்திருக்கு. மனுப் போட்டு அதை நிரூபிச்சுக் காட்டுறேன்."

நான்காவது வரிசையில் முத்துக்குமாரசாமி இருந்தார். எழுந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லாரும் திரும்பினார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே வதனி அம்பாசமுத்திரம் போனாள். சேந்தன் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். என்னிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. அவன் எப்போதும் என் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை. அதை என் வளர்ப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

கிருமியின் மூலத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி சுகாதாரத் துறைக்கு மனுப் போட்டேன். வீட்டில் உள்ள அத்தனை பேரும் மாதிரி கொடுத்தால்தான் மனு செல்லும் என்றார்கள். ஆண்களுக்கு விலக்குக் கேட்கலாம், பலரும் கேட்பார்கள் என்று அங்கிருந்த குமாஸ்தா காதோடு சொன்னார். எனக்கு விலக்கு எதற்கு? மறைக்க ஒன்றும் இல்லாதவன் நான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

என் மாதிரியை டாக்டர் எஸ்தரே எடுத்தார். முடித்துவிட்டு என் பாதத்தைப் பார்த்தார்.

"சார், உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"இருக்கு. கட்டுப்பாட்டுல இருக்கு."

"குதிகால்ல என்ன துணி?"

"பித்தவெடிப்பு. நானே களிம்பு போட்டுக் கட்டிக்கிறேன்."

எத்தனை மாதமாக என்றார். ஐந்தாறு மாதம் என்றேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்றார். வெடிப்புக்கெல்லாம் டாக்டர் எதற்கு என்றேன். அவர் தரையில் குந்தி, துணியை அவிழ்த்து, அங்கிருந்தும் பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் கலெக்டர்கூட எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறார். இந்தப் பெண் என் அழுக்குத் துணியைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறாளே என்று எனக்கு முகம் எரிந்தது.

மூன்றாம் மாதம் என்னை வரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு மரம் வரைந்திருந்தது. அடியில் குழந்தை. குழந்தைக்கு மேலே ஒரே ஒரு கிளை. அந்தக் கிளையின் நுனியில் என் பெயர் முழுமையாக, என் அப்பா பெயரின் முதலெழுத்தோடு இருந்தது.

அடையாள அட்டையில் இருப்பதுபோல அவ்வளவு சுத்தமான எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

"உங்க குதிகால் புண்ல இருந்துது. குடல்லயும் இருந்துது. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் டாக்டர். "புண்ணுக்கு மருந்து போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம பிள்ளையைத் தொட்டிருப்பீங்க. வாயில ஏதாவது வச்சீங்களா?"

என் வலது கை மேசைமேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"மருமகளுக்கு?" என்றேன்.

"அவங்க உடம்புல இந்தக் கிருமியே இல்ல."

நிலப்பத்திரத்தில் தவறு நேர்ந்தால் பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. இதில் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டேன். பலமுறை சரிபார்த்தாயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தெரிந்து யாரும் செய்வதில்லை என்றார். காலைச் சரியாகக் காட்டி மருந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆறும்வரை பச்சைப்பிள்ளை பக்கம் போகாதீர்கள் என்றார். அதற்கெல்லாம் தலையாட்டினேன்.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "விதிப்படி யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போகும் சார்."

எங்கள் பதிவு அலுவலகத்தில் நகல் மனுதாரருக்குத்தான் போகும். இங்கே மனுதாரர் நான். ஆகவே நான் ஒருவன்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சான்றை உறையோடு பீரோவில், துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அது அங்கே எட்டு மாதம் இருந்தது. டாக்டர் சொன்னதைச் செய்தேன். கால் ஆறியது. சேனை தொடக் கூப்பிட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். செய்யாதது ஒன்றே ஒன்று. நாளை சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். சேந்தன் கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவன் காற்றாலைக்கு வேலைக்குப் போனான், வந்தான், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான், கேட்கவில்லை.

வெளியே கேட்டார்கள். மனு என்னாச்சு அண்ணாச்சி என்று பலரும் கேட்டார்கள். வீட்டு விஷயத்தை வெளியே பேசுவது மரியாதையில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். மருமகளின் குறையை மூடிவைக்கிறார், பெரிய மனுஷர் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

வதனிக்குக் கயற்கண்ணி என்று ஒரு தங்கை. அந்த எட்டு மாதத்தில் அவளுக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. இரண்டு இடத்திலும் சொன்ன காரணம் அக்காவின் தடம். மூன்றாவதாகச் சேரன்மகாதேவியிலிருந்து தாணுமூர்த்தி தன் மகனுக்கு அவளைக் கேட்க நினைத்தார். சங்கத்துக்காரர். நேரே என்னிடம் வந்தார்.

"பொண்ணு தங்கமான பொண்ணு அண்ணாச்சி. அக்கா விஷயந்தான் யோசனையா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும்."

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் போன பிறகு பீரோவைத் திறந்தேன். மறுநாள் பேருந்து ஏறி அம்பாசமுத்திரம் போனேன்.

முத்துக்குமாரசாமி கடைக்குப் போயிருந்தார். வதனி மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். எழுந்து வாங்க மாமா என்றாள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் உறையை எடுத்து நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"படிச்சுப் பாரும்மா."

"படிச்சிட்டேன் மாமா."

எனக்குப் புரியவில்லை. "எப்ப?"

"உங்களுக்குத் தர்றதுக்கு முந்தின நாள். பிள்ளை செத்தா முதல் நகல் அம்மாவுக்குத்தானாம். டாக்டரம்மா நேர்ல வந்து கொடுத்துட்டுப் போனாங்க."

தண்ணீரை எடுத்துக் குடித்தேன். முழு டம்ளரையும் குடித்து முடித்தேன்.

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல? என் மானத்தைக் காப்பாத்தவா?"

"உங்களை நான் காப்பாத்தல மாமா. நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." அவள் மடிக்கணினியை மூடினாள். "ஒரு வாரத்துல வந்துருவீங்கன்னு நினைச்சேன். உங்களைப் பத்தி எனக்கு அவ்வளவு பெரிய நினைப்பு."

சேந்தனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். தினமும் கூப்பிடுகிறார், சாப்பிட்டாயா என்று கேட்கிறார், இதைக் கேட்கவில்லை, கேட்காதவரிடம் எதைச் சொல்வது என்றாள். பிறகு, சான்று வருவதற்கு முந்தைய மூன்று மாதத்தைப் பற்றிச் சொன்னாள். யாருக்கோ எழுதிய சீட்டைக் காட்டிக் கடையில் மருந்து வாங்கி அவளாகவே விழுங்கியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை. அது தவழ்ந்து வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாளாம். துணியைத் தனியாகத் துவைத்திருக்கிறாள், தட்டைத் தனியாகக் கழுவியிருக்கிறாள். பரிசோதனையில் இல்லை என்று வந்த காகிதம் கையில் இருந்தும் அதை நம்பவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானே நம்பினேன் மாமா."

நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்திருந்தேன். அதற்கான வார்த்தைகளைப் பேருந்தில் கோத்து வைத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வச்சு மாத்திச் சொல்லுங்க. என் பேரு அங்கதான் கிடக்கு. அதை எடுத்துத் தந்தாப் போதும்."

வரும் பொதுக்குழுவில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பேருந்து நிறுத்தம்வரை முத்துக்குமாரசாமி வழியனுப்ப வந்தார். அவருக்கும் தெரியும் என்பது அவர் என் முகத்தைப் பார்க்காமல் நடந்ததில் தெரிந்தது.

பங்குனியில் மண்டபம் நிறைந்திருந்தது. தாணுமூர்த்தி குடும்பத்தோடு வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் வதனியும் அவள் அப்பாவும் கயற்கண்ணியும் இருந்தார்கள். சேந்தன் பக்கவாட்டுக் கதவருகே நின்றிருந்தான். சான்று என் சட்டைப்பையில் இருந்தது. தலைவர் உரை என்று அறிவித்ததும் ஒலிபெருக்கியின் முன் போய் நின்றேன்.

"போன வருஷம் இதே இடத்துல என் மருமகளைப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது தப்பு. என் பேத்திக்கு வந்த கிருமி அவ உடம்புல இல்ல. என் உடம்புல இருந்தது. சேனை தொட்ட என் விரலாலதான் பிள்ளைக்குப் போச்சு. அதுக்குச் சான்று இருக்கு."

நான் எதிர்பார்த்தது முணுமுணுப்பு. ஏச்சுக்கும் தயாராக வந்திருந்தேன். பதவியை விடும் கடிதமும் எழுதி வைத்திருந்தேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "போதும் தலைவரே. உங்க பெருந்தன்மை எங்களுக்குத் தெரியாதா" என்றார். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

தாணுமூர்த்தி மேடையேறி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் அவர் பேசியது மண்டபம் முழுக்கக் கேட்டது. "வீட்டுக்கு வந்த பொண்ணுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிற மனுஷர் இவரு. அந்தக் குடும்பத்தோட சம்பந்தம் வைக்க எனக்கு இனி என்ன யோசனை? அக்கா தடம் எப்படி இருந்தா என்ன, கயற்கண்ணி எங்க வீட்டுப் பொண்ணு."

நான் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தேன். அவர் அதை என் கையோடு சேர்த்துப் பிடித்து, மெதுவாகத் திரும்பப் பைக்குள் தள்ளினார். "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி. உங்க வாய் வார்த்தையைவிடக் காகிதமா பெரிசு?"

எனக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே ஒரு முழத் தூரம்தான். கயற்கண்ணி முகத்தைக் கைகளால் மூடியிருந்தாள். அவள் அப்பா அழுதுகொண்டிருந்தார். வதனி மட்டும் கை தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுத்துப் பேசினால் அந்தச் சின்னவளின் கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. செயலாளர் ஒரு சால்வையைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தினார். ஒரு வருடமாகக் கூனிப்போயிருந்த என் முதுகு தானாக நிமிர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

கூட்டம் முடிந்து வாசலில் வதனி எதிர்ப்பட்டாள். அவள் பேசுமுன் நான் முந்திக்கொண்டேன்.

"சொல்லிட்டேன்மா. அவங்க நம்பல."

"ஒரு தடவைதான் சொன்னீங்க மாமா" என்றாள்.

கோபமில்லை. சொல்லிவிட்டுத் தங்கையின் பக்கம் போனாள். அங்கே தாணுமூர்த்தியின் மனைவி கயற்கண்ணியின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வதனி சற்றுத் தள்ளியே நின்றாள். அவளுக்கும் பூ கொடுக்கலாமா என்று யோசித்ததுபோல அந்த அம்மாளின் கை ஒரு கணம் நின்றது. மிச்சப் பூவை இலையில் மடித்து வைத்துக்கொண்டாள்.

சேந்தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "எதுக்குப்பா எல்லாத்தையும் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டான். ஒரு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவன் முகத்தில் என்மேல் இருந்த பெருமையைப் பார்த்தேன்.

மண்டபத்திலிருந்து வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக என் முன் நின்று கைகூப்பினார்கள். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு அத்தனை பேருக்கும் திருப்பிக் கைகூப்பினேன். பிறகு ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்கச் சொன்னேன்.